பலூனுக்குள்ளே யார்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். செங்கற்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பார்த்தாயிற்று. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல் ஆளுக்கொரு போட்டோவும் எடுத்தாயிற்று. சுண்டலும் ஆயிற்று. கிளம்பலாம் என்று பார்த்தால், வழியில் ஒரு பலூன்காரர்! பெரிய திராட்சைக் குலை மாதிரி, தலைக்கு மேலே ஆடும் காஸ் பலூன்கள். உங்கள் சின்னப் பெண் அங்கேயே வேரூன்றி விட்டாள். இனி அவளை நகர்த்த வேண்டுமானால் ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும்.

வாங்கிக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. காசை நீட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஏனப்பா, இதுக்குள்ளே இருக்கிறது ஹீலியமா, ஹைட்ரஜனா?"

"எல்லாம் ஹீலியந்தாம்மா" என்பார் அவர். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். சிலிண்டர் நிரப்பிக் கொடுத்தவர் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உங்கள் குழந்தை அந்தப் பலூனை முகத்தோடு சேர்த்து அணைத்துக் கொள்ளப் போகிறாள். ஆகவே, கொஞ்சம் விவரம் தெரிந்து வைத்துக் கொள்வோமே!

முதலில், குழந்தை கேட்கப் போகும் கேள்வி: "அம்மா, இது ஏன் மேலே போகிறது?"

காற்றுக்குக் கனம் உண்டு என்பதை நாம் மறந்தே போகிறோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் நிறைந்துள்ள காற்றை மட்டும் தராசில் வைக்க முடிந்தால், சுமார் 33 கிலோ இருக்கும். ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம்! காலிக் குடத்தை வாய் கீழாகப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள்; 'விடு, விடு' என்று மேலே உந்தித் தள்ளும். குடத்தினுள் இருக்கும் காற்று தண்ணீரைவிட லேசு. சுற்றிலும் உள்ள தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. நாமும் ஒரு சமுத்திரத்தின் அடியில்தான் வாழ்கிறோம். அது காற்றுச் சமுத்திரம். அதில் காற்றைவிட லேசான ஒரு காஸை ரப்பர் பைக்குள் அடைத்து விட்டால், அது குடம் போல மேலே வருகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

கணக்கும் பார்த்து விடலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.17 கிராம் கனம். ஒரு லிட்டர் ஹீலியம் 0.16 கிராம்தான். ஆகவே ஒரு லிட்டர் ஹீலியம் சுமார் ஒரு கிராமைத் தூக்கும். ஒரு சாண் அகலத்துக்கு மேல், 30 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு ஊதிய பலூனில் 14 லிட்டர் பிடிக்கும். ரப்பரின் எடை ஒரு மூன்று கிராமைக் கழித்தால் மீதி 11 கிராம். ஒரு பலூன் தூக்கக் கூடியது அவ்வளவே. 15 கிலோ எடையுள்ள உங்கள் பெண்ணைத் தூக்க வேண்டுமானால் ஏறக்குறைய 1,400 பலூன் வேண்டும். 'பலூன் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுமா?' என்று அவள் கேட்டால், தைரியமாக 'இல்லை' என்று சொல்லலாம்.

இதே கடற்கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே திருவிடந்தையில், 2025 ஜனவரியில் சர்வதேசப் பலூன் திருவிழா நடந்தது. ஆட்களையே சுமந்து செல்லும் ராட்சதப் பலூன்கள் அவை. அவற்றில் இருப்பது விசேஷமான காஸ் ஒன்றுமில்லை; சாதாரணக் காற்றுதான். கீழே பர்னர் வைத்து அதைச் சூடாக்குகிறார்கள். சூடான காற்று விரிகிறது, லேசாகிறது. ஆனால் நூறு டிகிரிக்குச் சூடாக்கினாலும், ஒரு லிட்டருக்குக் கால் கிராம்கூடத் தூக்காது. அதனால்தான் நாலு பேரைத் தூக்குவதற்கு ஒரு மாடி வீட்டையே விழுங்கும் அளவுக்குப் பெரிய பலூன் தேவைப்படுகிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பலூன்காரர் கையில் இருக்கக்கூடிய காஸ்கள் இரண்டு. ஒன்று ஹைட்ரஜன், மற்றொன்று ஹீலியம். ஹைட்ரஜனின் கனம் ஹீலியத்தில் பாதிதான். அப்படியானால் இரண்டு மடங்கு வேகமாக இழுக்கும், நூலைப் பிடித்துப் பார்த்தே கண்டுபிடித்து விடலாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போவோம்! தூக்கும் சக்தி, சுற்றியுள்ள காற்றின் கனத்துக்கும் உள்ளே இருக்கும் காஸின் கனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஹீலியம் லிட்டருக்கு ஒரு கிராம் தூக்கினால், ஹைட்ரஜன் தூக்குவது 1.08 கிராம். நூற்றுக்கு எட்டுப் பங்கு வித்தியாசத்தை எந்தக் கையால் கண்டுபிடிக்க முடியும்? இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பிறந்த வீட்டு லட்சணத்தில் இரட்டைப் பிள்ளைகள்!

குணத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹீலியம் பரம சாது. எதோடும் சேராது, எரியாது. தீக்குச்சியைக் காட்டினால் தீக்குச்சிதான் அணையும். ஹைட்ரஜனோ தீயைக் கண்டால் பிடித்துக் கொள்ளும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கிலிருந்து 75 பங்கு வரை அது எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றும். நம் சமையல் காஸுக்கு அந்த வரம்பு 2 முதல் 10 பங்குக்குள்தான். பற்ற வைக்கப் பெரிய நெருப்பும் வேண்டியதில்லை. நைலான் புடவையைக் கழற்றும்போது 'சடசட'வென்று பொரியுமே, அந்தப் பொறியில் மிகச் சிறிய பங்கே போதும்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மானிய ஆகாயக் கப்பல், 1937 மே 6-ஆம் தேதி அமெரிக்காவில் இறங்கும் நேரத்தில் தீப்பற்றி, சுமார் அரை நிமிஷத்தில் எரிந்து விழுந்தது. 36 பேர் மாண்டனர். அந்தக் கப்பலை ஹீலியத்துக்கென்றே திட்டமிட்டார்கள். அந்நாளில் ஹீலியம் வைத்திருந்த அமெரிக்கா அதை வெளியே விற்கவில்லை. சரி, ஹைட்ரஜனையே நிரப்புவோம் என்று நிரப்பினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2020 செப்டம்பரில் நம் சென்னை பாடியில் ஒரு கொண்டாட்டம். ஆகாயத்தில் விடுவதற்காகக் கையில் பலூன் கொத்துகளை வைத்திருந்தார்கள். பக்கத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கொத்து முழுவதும் தீப்பிழம்பாகி, சுற்றி நின்ற பலருக்குத் தீக்காயம். செய்திகள் சிலவற்றில் அவற்றை 'ஹீலியம் பலூன்' என்றே எழுதினார்கள். ஆனால் ஹீலியம் எரியாதே! எரிந்தது எதுவோ, அது ஹீலியம் அல்ல. பெயரை நம்புவதில் உள்ள அபாயம் இதுதான்.

ஏன் ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள் என்றால், மலிவு. காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் கொண்டு, பழைய சிலிண்டருக்குள்ளேயே திருட்டுத்தனமாக உண்டாக்கி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே சூடும் அழுத்தமும் எவ்வளவு ஏறும் என்று அவர்களுக்கே தெரியாது. காஸ்டிக் சோடாவுக்குத் தப்பிப் பழைய உலோகம் எத்தனை நாள் தாங்கும்? ஹீலியமோ விலை கூடிய சரக்கு. பெரும்பாலும் கப்பலில் வருவது.

ஏன் அத்தனை விலை? அதற்கு ஒரு கதை இருக்கிறது. கதையின் முதல் அத்தியாயம் நம் சென்னை ராஜதானியில் நடந்தது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

1868 ஆகஸ்டு 18. முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் ஜான்ஸென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கருவிகளோடு காத்திருந்தார். மசூலிப்பட்டணத்தில், நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர் போக்ஸன் காத்திருந்தார். சூரியன் மறைந்ததும், அதன் விளிம்பில் எழும் சுவாலைகளின் ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தினால் பிரித்துப் பார்த்தார்கள். மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று ஒரு கோடு! உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி அடுப்பில் தெறித்தால் சுடர் மஞ்சளாகுமே, அது உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். சூரியனில் கண்ட மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அதே இடத்தில் இல்லை. அந்த அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் என்பவர் இதை ஆராய்ந்து, பூமியில் அறியப்படாத புதுப் பொருள் இது என்றார். சூரியனுக்குக் கிரேக்க மொழியில் ஹீலியாஸ். பொருளுக்கு ஹீலியம் என்று பெயர் வைத்தாயிற்று. பூமியில் அதைக் கண்டுபிடிக்க 27 வருஷம் ஆயிற்று. 1895-ல் லண்டனில் ராம்ஸே, யுரேனியம் உள்ள ஒரு கல்லிலிருந்து அதை வெளிப்படுத்தினார்.

கல்லுக்குள் எப்படி வந்தது? யுரேனியமும் தோரியமும் தாமாகவே சிறிது சிறிதாகச் சிதைந்து கொண்டிருப்பவை. சிதையும்போது அவை வெளியே எறியும் ஆல்பாத் துகள்தான், பிறகு ஹீலியம் அணுவாகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுசக்தி ஆராய்ச்சி செய்கிறார்களே, அவர்களுக்கு இந்தத் துகள் பழகிய விருந்தாளி. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் என்ற தோரிய மணல் கிடைக்கிறது. அந்த மணலின் ஒவ்வொரு பருக்கைக்குள்ளும் துளி ஹீலியம் சிறைப்பட்டிருக்கிறது, சூடாக்கினால் வெளிவரும். மேற்கு வங்கத்தில் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றின் குமிழிகளிலும் ஹீலியம் உண்டு. பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருஷங்களாக இப்படிச் சேர்ந்த ஹீலியம், சில நாடுகளில் எரிவாயுவோடு கலந்து கிடைக்கிறது. அமெரிக்காவும் கத்தாரும் அதைப் பிரித்தெடுத்து உலகுக்கு விற்கின்றன.

தண்ணீர் ஆவியானால் மழையாகத் திரும்பி வரும். ஹீலியம் அப்படியல்ல. பலூனிலிருந்து கசிந்ததும் காற்றில் கலந்து, மெல்ல மெல்ல மேலே போய், கடைசியில் பூமியை விட்டே போய்விடும். நாம் மூச்சு விடும் காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்தக் காந்தத்தைக் குளிர வைப்பது திரவ ஹீலியம். மைனஸ் 269 டிகிரிக் குளிர்! அந்தக் குளிரைத் தருவதற்கு அதற்கு ஈடாக வேறொன்று இல்லை. குழந்தையின் ஒரு பலூனால் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் வந்துவிடாது. ஆனாலும், மேடையில் ஆயிரம் பலூனை 'ஹோ'வென்று பறக்க விடும்போது இதை நினைத்துக் கொள்ளலாம்.

ஹீலியம் சாது என்றேன். சாதுவுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. நிறைந்த சிலிண்டருக்குள் அது சுமார் 150 காற்று மண்டல அழுத்தத்தில் இருக்கிறது. கார் டயரில் உள்ளதைப் போல் அறுபது மடங்குக்கு மேல். சிலிண்டர் பழசாகித் துருவேறி இருந்தால், எரியாத காஸும் வெடிகுண்டாகும். 2022 அக்டோபரில், தீபாவளிக் கூட்டம் சேரத் தொடங்கிய நேரத்தில், திருச்சிக் கடைவீதியில் பலூன்காரரின் ஹீலியம் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். பலூன் வாங்குங்கள்; ஆனால் சிலிண்டருக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்தி, நிரப்புவதை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

இன்னொன்று. ஹீலியத்தை உறிஞ்சிவிட்டுப் பேசினால் குரல் வாத்து கத்துவது போலாகும். காற்றில் செல்வதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் ஹீலியத்தில் ஒலி செல்வதால் வரும் வேடிக்கை இது. காலேஜ் பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு. விளையாட்டில் உயிர் போனதுண்டு. நுரையீரலில் ஹீலியம் நிறைந்தால் பிராணவாயுவுக்கு இடமில்லை. மூச்சுத் திணறும் உணர்ச்சிகூட வராமல் மயக்கம் வந்துவிடும். சிலிண்டரிலிருந்து நேராக உறிஞ்சினால் நுரையீரலே கிழியும். உங்கள் வீட்டில் யாராவது செய்து காட்ட வந்தால், கண்டிப்பாகத் தடுத்து விடுங்கள்.

ஆகவே வீட்டுக்குச் சில யோசனைகள். எந்தக் காஸ் என்று நிச்சயமில்லாத பலூனை ஹைட்ரஜன் என்றே எண்ணி நடத்துங்கள். பூஜை அறை விளக்கு, ஊதுவத்தி, காஸ் அடுப்பு, பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்தி, சிகரெட் பிடிக்கும் மாமா - இவற்றின் பக்கத்தில் அது போகக் கூடாது. கொத்தாக வாங்கி, மூடிய காரிலோ லிப்ட்டிலோ எடுத்துப் போகாதீர்கள். பிறந்தநாளுக்கு வேண்டுமானால், முத்திரையுள்ள கம்பெனி சிலிண்டரில் நிரப்பும் கடையில், ஹீலியம் என்று பில்லோடு வாங்குங்கள். அல்லது வாயால் ஊதிய பலூனை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். குழந்தைகளுக்குச் சந்தோஷம் ஒன்றுதான். பளபளக்கும் ஜிகினாப் பலூன் மின்சாரக் கம்பியில் பட்டால் ஆபத்து. மொட்டை மாடியில் அதை விளையாடக் கொடுக்க வேண்டாம். வெடித்த ரப்பர்த் துண்டுகளை உடனே பொறுக்கி விடுங்கள். கைக்குழந்தை வாயில் போட்டுக் கொண்டால் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைக்கும்.

ஹீலியம் என்று நிச்சயமானால் ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். ஜன்னல் மூடிய காரில் பலூனை நூலில் பிடித்துக் கொள்ளுங்கள். வண்டி கிளம்பும்போது நாமெல்லாம் பின்னால் சாய்வோம். பலூன் மட்டும் முன்னால் சாயும்! பிரேக் போட்டால் நாம் முன்னால், அது பின்னால். கனமான காற்று நம்மோடு சேர்ந்து பின்னால் ஒதுங்குகிறது. லேசான பலூனை அது முன்னால் தள்ளுகிறது. 'எல்லோரும் ஒரு பக்கம் போனால் இது மட்டும் வேறு பக்கம் போகிறதே!' என்று உங்கள் பெண் சிரிப்பாள்.

மறுநாள் காலை அவள் அழவும் கூடும். நேற்று உத்தரத்தை முட்டிய பலூன், இன்று சுருங்கித் தரையில் கிடக்கும். ரப்பரின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக இரவெல்லாம் காஸ் கசிந்து விட்டது. யாரும் குத்தவில்லை, திருடவில்லை என்று சொல்லித் தேற்றுங்கள்.

கடைசியாக, கடற்கரையிலேயே நூல் கை நழுவினால்? பலூன் மேலே போகப் போகச் சுற்றியுள்ள காற்று மெலிகிறது. ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் பாதிதான். பலூன் இரண்டு பங்கு பருத்திருக்கும். இன்னும் மேலே போய் வெடித்து, ரப்பரும் ரிப்பனும் எங்கோ கீழே விழும். இந்தக் கரையில் விழுந்தால் பெரும்பாலும் கடலில். ஜனவரி முதல் மார்ச் வரை இதே மணலில் முட்டையிட வருகிறது பங்குனி ஆமை. கடல் ஜெல்லி மீன்கள் அதற்குப் பிடித்த ஆகாரம். தண்ணீரில் மிதக்கும் பலூன் துண்டும் அதன் கண்ணுக்கு அப்படியேதான் தோன்றும். ஆமைகளுக்கு முதல் எமன் மீன்பிடி வலைதான். 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. அந்த வலையை நீங்களும் நானும் நிறுத்த முடியாது. நம் குழந்தை கையிலிருக்கும் நூலைப் பற்றி மட்டும் நாம் ஏதாவது செய்ய முடியும்.

நூலின் நுனியில் ஒரு பழைய சாவியைக் கட்டி விடுங்கள். கை நழுவினாலும் பலூன் பறக்காது. 11 கிராம்தானே அது தூக்கும்? சாவியின் கனம் அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். அதைப் பெண்ணின் கையில் கொடுத்து, "கெட்டியாகப் பிடித்துக் கொள், கண்ணு" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்பாள். சொல்ல இப்போது உங்களிடம் விஷயம் இருக்கிறது. செங்கற்பட்டு வந்து சேரும் வரையில் தாங்கும்.